படகுத் துறைக் கான்கிரீட்டில் அரிப்பு உணரிகள்: தொலைவிலிருந்து வரும் அளவீட்டில் எதை நம்பலாம்?

கேள்வி
பதிந்தவர்: கரைப்பொறியாளர்

அனைவருக்கும் வணக்கம். இராமநாதபுரம் மாவட்டக் கடலோரத்தில் உள்ள ஒரு மீன்பிடிப் படகுத் துறையின் பராமரிப்பு எங்கள் பிரிவின் பொறுப்பில் இருக்கிறது. 1990களின் இறுதியில் கட்டப்பட்ட அந்தத் துறை, கடலுக்குள் இறக்கிய கான்கிரீட் பைல்கள் (அடித்தூண்கள்), அவற்றின் உச்சியில் பைல் தொப்பிகள், குறுக்கு பீம்கள், பீம்களின் மீது அடுக்கிய பிரிஸ்ட்ரெஸ்டு (உள்ளிருக்கும் கம்பி இழுவிசையில் நிற்கும்) பலகைகள் என்ற அமைப்பில் நிற்கிறது. பீம்களின் அடிப்பக்கத்தில் கம்பி செல்லும் திசையை ஒட்டி நீளவாக்கில் விரிசல்கள் தெரிகின்றன. சில இடங்களில் கம்பியை மூடியிருக்கும் கவர் கான்கிரீட் பெயர்ந்து துருப்பிடித்த கம்பி வெளியே வந்ததால், அந்த இடங்களை மட்டும் கொத்தி எடுத்து இரண்டு முறை ஒட்டுவேலை செய்திருக்கிறோம்.

இப்போது ஒரு நிறுவனம் தொலைநிலைக் கண்காணிப்புத் திட்டம் ஒன்றை முன்மொழிந்துள்ளது. கம்பியின் மின்னழுத்தத்தை ஒப்பிட்டு அளக்க உதவும் வெள்ளி–வெள்ளி குளோரைடு மின்முனைகளைப் பைல்களிலும் பீம்களிலும் பதித்து, அந்த மின்னழுத்தத்தை மணிக்கு ஒரு முறை அளந்து, கைப்பேசி வலைப்பின்னல் வழியாக அலுவலகக் கணினிக்கு அனுப்புவார்கள். அளவீடு −350 மில்லிவோல்ட்டைத் தாண்டினால் திரையில் சிவப்பு விளக்கு எரியும். மின்முனைகளில் ஏறத்தாழப் பாதி, பைல்களில் எப்போதும் நீருக்குள் இருக்கும் பகுதியில் பொருத்தப்படும் என்று வரைபடம் காட்டுகிறது.

படகில் சென்று பீமுக்கு அடியில் நின்று அளப்பது ஆண்டின் பல மாதங்களில் இயலாத காரியம் என்பதால், தொலைவிலிருந்து பார்க்கும் வசதி எங்களுக்கு உண்மையிலேயே தேவை. ஆயினும் இந்த ஒரே அளவீட்டை வைத்துப் பழுதுபார்ப்பு முடிவுகளை எடுக்க முடியுமா, வேறு உணரிகள் வேண்டுமா, அவற்றை எங்கே பொருத்தக் கேட்பது என்று அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் ஒப்பந்த வரைவில் சேர்த்துக்கொள்வேன்.

பதில் 1
பதிந்தவர்: காரைமின்வேதி

முன்மொழிவில் முதலில் திருத்த வேண்டியது அந்தச் சிவப்பு விளக்கின் எண். −350 மில்லிவோல்ட் என்ற எல்லை ஏஎஸ்டிஎம் சி876 என்ற அமெரிக்கத் தர வரையறையிலிருந்து வருகிறது. அது செம்பு–செம்பு சல்பேட் மின்முனையைக் கொண்டு அளந்த மதிப்புக்கு உரியது. அதன்படி −200 மில்லிவோல்ட்டை விட நேர்த்திசையில் இருந்தால் அந்த நேரத்தில் அரிப்பு இல்லாதிருக்கும் வாய்ப்பு 90 விழுக்காட்டுக்கு மேல். −350ஐ விட எதிர்த்திசையில் சென்றால் அரிப்பு நடந்துகொண்டிருக்கும் வாய்ப்பு 90 விழுக்காட்டுக்கு மேல். இடைப்பட்டதில் உறுதியாக எதுவும் சொல்ல இயலாது. நிறைவுற்ற பொட்டாசியம் குளோரைடு கரைசல் கொண்ட வெள்ளி–வெள்ளி குளோரைடு மின்முனை செம்பு மின்முனையிலிருந்து ஏறத்தாழ 120 மில்லிவோல்ட் விலகி நிற்பதால், அதே −350 அங்கே −230 என்றே தெரியும். ஆகவே உங்கள் திரையில் −260 வந்தால் விளக்கு எரியாது. கம்பியோ எல்லையைத் தாண்டியிருக்கும். கான்கிரீட்டுக்குள் பதிக்கப் பரவலாகப் பயன்படும் மாங்கனீசு டை ஆக்சைடு மின்முனையைத் தேர்ந்தால் திருத்தம் எதிர்ப்பக்கமாகப் போகும். எந்த மின்முனை, எந்தக் கரைசல், செம்பு அளவுகோலுக்கு மாற்ற எத்தனை மில்லிவோல்ட் என்பதை ஒவ்வோர் உணரிக்கும் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள்.

இரண்டாவது, நீருக்குள் பொருத்தும் மின்முனைகள். எப்போதும் மூழ்கியிருக்கும் கான்கிரீட்டில் மின்னழுத்தம் −700, −900 என்று இறங்கிக் கிடப்பது இயல்பு. அங்கே கம்பியைச் சென்றடையும் ஆக்சிஜன் மிகக் குறைவு என்பதே அதற்குக் காரணம். அதே காரணத்தால் துருப்பிடிக்கும் வேகமும் பெரும்பாலும் குறைவாகவே இருக்கும். அந்த மின்முனைகள் பொருத்திய நாளிலிருந்தே சிவப்பு காட்டும், சில வாரங்களில் யாரும் அந்தத் திரையைத் திறந்து பார்க்க மாட்டார்கள். ஒப்பிட்டுப் பார்க்க ஒன்றிரண்டு போதும். சி876இன் எல்லைகள் பனி உருக்குவதற்காக உப்புத் தூவப்பட்ட அமெரிக்கப் பாலத் தளங்களின் அனுபவத்திலிருந்து எழுந்தவை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். கலிஃபோர்னியா நெடுஞ்சாலைத் துறையில் 1950களில் ரிச்சர்ட் ஸ்ட்ராட்ஃபுல் இந்த அளவீட்டு முறையை வளர்த்தெடுத்தபோது, தேடியது அரிப்பு உள்ள இடத்தைத்தானே தவிர, அரிப்பின் வேகத்தை அல்ல.

வேகம் வேண்டுமென்றால் துருவமாக்கல் மின்தடையை அளக்க வேண்டும். கம்பியின் மின்னழுத்தத்தை அதன் இயல்பு நிலையிலிருந்து 10 முதல் 20 மில்லிவோல்ட் மட்டும் நகர்த்தி, அதற்குத் தேவைப்படும் மின்னோட்டத்தைக் கவனிக்கும் முறை இது. கணக்கிடும் வாய்பாட்டை ஸ்டெர்னும் கியரியும் 1957இல் வெளியிட்டார்கள். விடை ஒரு சதுர சென்டிமீட்டருக்கு இத்தனை மைக்ரோ ஆம்பியர் என்று கிடைக்கும். 0.1க்குக் கீழே என்றால் கம்பி தன் காப்புப் படலத்துடன் இருக்கிறது என்று கொள்ளலாம். 1ஐத் தாண்டினால் வேகம் மிக அதிகம். 1 மைக்ரோ ஆம்பியர் என்பது ஆண்டுக்கு ஏறத்தாழ 11.6 மைக்ரோமீட்டர் இரும்பு கரைவதற்குச் சமம். கேட்க அற்பமாகத் தோன்றும். ஆனால் 15 முதல் 50 மைக்ரோமீட்டர் ஆழம் கரைந்து துருவாக ஊதினாலே சாதாரணக் கவர் கான்கிரீட்டில் விரிசல் விடத் தொடங்கும் என்பது ஆய்வுகளில் கண்ட உண்மை. மேலும், கடலுப்பு உண்டாக்கும் அரிப்பு கம்பி முழுதும் சமமாகப் பரவாமல் குழி குழியாக இறங்குவதால், மிக ஆழமான குழி இந்தச் சராசரியைப் போல 4 முதல் 8 மடங்கு வரை போகும்.

பழைய கட்டுமானத்தில் கம்பியின் எவ்வளவு பரப்பு இந்த மின்னோட்டத்தைப் பெறுகிறது என்பதுதான் பெரிய ஐயம். பரப்பைத் தவறாகக் கொண்டால் வேகமும் பல மடங்கு பிழையாகும். மின்னோட்டம் பரவும் பரப்பைக் கட்டுப்படுத்தும் காப்பு வளையம் கொண்ட உணரியா, அல்லது பரப்பு முன்பே தெரிந்த சிறு எஃகுத் துண்டைப் பதித்து அதை மட்டும் அளக்கிறார்களா என்று கேளுங்கள். இரண்டும் இல்லையென்றால், அந்த எண்ணை வேகம் என்று கொள்ளாமல், கூடுகிறதா குறைகிறதா என்று பார்க்கும் குறியாக மட்டும் கொள்ளலாம்.

பதில் 2
பதிந்தவர்: அளவிநுட்பர்

வேதியியலை முன்னவர் சொல்லிவிட்டதால் மின்னணுப் பக்கத்தை மட்டும் சொல்கிறேன். இத்தகைய அமைப்புகளில் முதலில் கெடுவது பெரும்பாலும் உணரி அல்ல; உணரிக்கும் பெட்டிக்கும் இடையில் ஓடும் வயரும் அதன் இணைப்புகளும்தான். கம்பியோடு செம்பு வயரை இணைக்கும் இடம் கான்கிரீட்டுக்குள் ஈரமாக இருந்தால், அந்த இணைப்பே ஒரு சிறு மின்கலமாகி நீங்கள் அளக்க வந்ததைக் குழப்பிவிடும். இணைப்பைப் பற்றவைத்தோ துளையிட்டுத் திருகியோ செய்து, முழுவதும் எபாக்சியால் மூட வேண்டும். ஒவ்வொரு பீமுக்கும் கம்பி இணைப்பை ஒன்றுக்கு இரண்டாகக் கொடுக்கச் சொல்லுங்கள். இரண்டுக்கும் இடையே உள்ள மின்தடையை அவ்வப்போது தொலைவிலிருந்தே அளந்தால், இணைப்பு கெட்டதையும் கம்பி கெட்டதையும் பிரித்தறியலாம். பீமுக்குள் உள்ள கம்பிகள் ஒன்றோடொன்று மின்தொடர்ச்சி உடையவையா என்று முதலில் சோதிக்காமல் ஒரே இணைப்பை எல்லாவற்றுக்கும் பயன்படுத்துவது வீண்.

அளக்கும் கருவியின் உள்ளீட்டு மின்தடை குறைந்தது 10 மெகா ஓம் இருக்க வேண்டும் என்று சி876 கேட்கிறது. உலர்ந்த கான்கிரீட்டில் அது போதாது என்பது என் கருத்து. அதைப் போலப் பல மடங்கு உள்ள கருவிகள் இன்று எளிதாகக் கிடைக்கின்றன.

தகவலை அனுப்ப கைப்பேசி வலைப்பின்னல் நல்லதே. எனினும் ஒவ்வோர் உணரிப் பெட்டிக்கும் தனித்தனி சிம் வைப்பதை விட, லோரா என்ற குறைந்த மின்சாரம் போதுமான வானலை முறை வழியாகத் துறையின் மேல்தளத்தில் உள்ள ஒரே நுழைவாயிலுக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து 4ஜியில் அனுப்புவது மின்கலத்துக்கு நல்லது. இந்தியாவில் 865 முதல் 867 மெகா ஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு உரிமம் தேவையில்லை. ஆனால் உப்புநீரும் கம்பி நெருங்கிய கான்கிரீட்டும் வானலையை விழுங்கிவிடும் என்பதால், ஆன்டெனா பீமுக்கு அடியில் இருக்கக் கூடாது. வயரை மேலே கொண்டுவந்து தளத்தின் ஓரத்தில் பெட்டியை வைக்க வேண்டும். படகு முட்டாத, கயிறு கட்டத் தோதில்லாத இடமாகப் பாருங்கள். தோதாக எது நீட்டிக்கொண்டிருந்தாலும் அதில் கயிறு விழும்.

மணிக்கு ஒரு முறை மின்னழுத்தம் அளப்பதில் தவறில்லை. துருவமாக்கல் அளவீட்டை அப்படிச் செய்யக் கூடாது. ஒவ்வொரு முறையும் கம்பியைச் சிறிது அசைத்துவிட்டு அது பழைய நிலைக்குத் திரும்பக் காத்திருக்க வேண்டியிருப்பதால், வாரத்துக்கு ஒரு முறை தாராளம். அதையும் நாளின் ஒரே நேரத்தில் செய்து, அருகிலேயே வெப்பநிலையையும் கான்கிரீட்டின் மின்தடைமையையும் பதிவுசெய்யுங்கள். வெயிலில் சூடேறிய பீமும் அதிகாலைப் பீமும் தரும் எண்களை அருகருகே வைத்து, அரிப்பு கூடிவிட்டது என்று எழுதிய அறிக்கைகளைப் பார்த்திருக்கிறேன்.

பதில் 3
பதிந்தவர்: வளைகுடா_கட்டுநர்

நான் வளைகுடா நாடொன்றில் துறைமுகக் கட்டுமானங்களில் பணிபுரிகிறேன். இங்கே புதிய கட்டுமானங்களில் பரவலாகப் பதிக்கப்படுவது, ஜெர்மனியின் ஆகன் நகரில் உருவான நேர்முனை ஏணி என்ற உணரி. கவர் கான்கிரீட்டின் வெவ்வேறு ஆழங்களில் ஆறு சிறு எஃகுத் துண்டுகளை ஏணிப் படி போல அமைத்து, உப்பு முகப்பு எந்தப் படி வரை வந்திருக்கிறது என்பதை அந்தந்தத் துண்டு துருப்பிடிக்கத் தொடங்குவதிலிருந்து அறிகிறார்கள். கட்டமைப்பின் கம்பியை உப்பு தொடுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே எச்சரிக்கை கிடைப்பதுதான் இதன் பெருமை. டென்மார்க்கின் கிரேட் பெல்ட் கடல்வழி இணைப்பில் இதைப் பயன்படுத்தினார்கள். உங்கள் துறையில் உப்பு ஏற்கெனவே கம்பியைத் தாண்டிப் போய்விட்டது என்பதை விரிசல்களே சொல்கின்றன. ஆகவே பழைய பீமுக்கு இந்த ஏணி பயன்படாது. விற்பனையாளர் அதையும் சேர்த்து விலைப்புள்ளி கொடுத்தால் மறுத்துவிடுங்கள்.

நீங்கள் போகிற போக்கில் குறிப்பிட்ட பிரிஸ்ட்ரெஸ்டு பலகைகள்தான் எனக்குக் கவலை தருகின்றன. சாதாரணக் கம்பி துருப்பிடித்தால் ஊதும், விரிசல் விடும், கான்கிரீட் பெயரும். ஆக, இடிவதற்கு முன் நமக்குச் சொல்லிவிடும். இழுவிசையில் நிற்கும் உயர்வலிமைக் கம்பி, வெளியே பெரிதாக எதையும் காட்டாமல் திடீரென அறுபடக்கூடியது. கோவாவில் மாண்டவி ஆற்றுப் பாலம் 1986இல் விழுந்ததும், இத்தாலியின் ஜெனோவாவில் 14 ஆகஸ்ட் 2018 அன்று மொராண்டி பாலம் இடிந்து 43 பேர் உயிரிழந்ததும் இத்தகைய கம்பிகளின் அரிப்பினால்தான். டிரெஸ்டன் நகரின் கரோலா பாலத்தின் ஒரு பகுதி 11 செப்டம்பர் 2024 அன்று ஆற்றில் விழுந்தபோது, ஹைட்ரஜன் தூண்டிய விரிசலரிப்பு காரணம் என்று கண்டார்கள். எஞ்சிய பகுதிகளில் கம்பி அறுபடும் ஒலியைக் கேட்கும் உணரிகளைப் பொருத்தினார்கள். மின்னழுத்தம் அளக்கும் உணரி இந்த ஆபத்தைச் சொல்லாது. உங்கள் பலகைகளில் துருக்கறை தெரிந்தால் முதலில் அவற்றின் மேல் ஏறும் லாரிகளின் எடையைக் கட்டுப்படுத்திவிட்டு, பிறகு உணரியைப் பற்றி யோசிக்கலாம்.

பதில் 4
பதிந்தவர்: கரைப்பொறியாளர்

மூவருக்கும் மிக்க நன்றி. மின்முனைத் திருத்தம் பற்றி நிறுவனத்திடம் கேட்டேன். மென்பொருளில் அந்தத் திருத்தம் இல்லை என்று ஒப்புக்கொண்டு, சேர்த்துத் தருவதாகச் சொல்கிறார்கள். பலகைகளின் அடிப்பக்கத்தில் இதுவரை துருக்கறை காணவில்லை. ஓர மூட்டுகளை அருகில் சென்று பார்க்க ஏற்பாடு செய்கிறேன். மன்னார் வளைகுடாப் பக்கம் ஓத ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்கும் குறைவு என்பதால், பைல்களில் நனைந்து உலரும் பட்டை சிறியது. அலைத் தெறிப்பு பீம்களின் அடிவரை வருகிறது. உணரிகளின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ள வேண்டியிருந்தால் எந்த இடங்களுக்கு முன்னுரிமை தருவது?

பதில் 5
பதிந்தவர்: சுத்தியல்முதலில்

எண்ணிக்கையைப் பேசுவதற்கு முன், உணரி வேண்டுமா என்றே நான் கேட்பேன். ஒரு சுத்தியலும், கவர் தடிமன் அளக்கும் கருவியும், தூள் எடுக்கத் துளைப்பானும் இருந்தால், அலை அடங்கிய பருவத்தில் ஒரே ஆய்வில் இந்தத் துறையின் நிலைமை பெருமளவு தெரிந்துவிடும். தட்டிப் பார்த்துப் பொள்ளென்று ஒலிக்கும் இடங்களைக் குறித்துக்கொண்டு, நல்ல ஒலி வரும் இடங்களில் 10 மில்லிமீட்டர் ஆழத்துக்கு ஒன்றாகத் தூள் எடுத்து, ஆய்வகத்தில் குளோரைடு அளந்தால், உப்பு எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்ற கோடு கிடைக்கும். சிமென்ட் எடையில் 0.4 விழுக்காடு என்ற வழக்கமான எல்லையைக் கம்பியின் ஆழத்தில் தாண்டிவிட்டதா என்பதே முதல் கேள்வி. கான்கிரீட் கட்டுமானத்துக்கான இந்தியத் தரவிதியான ஐஎஸ் 456இன் 2000ஆம் ஆண்டுப் பதிப்பின்படி, ஓதம் ஏறி இறங்கும் பகுதிக்கு 75 மில்லிமீட்டர் கவரும் எம்40 என்ற வலிமைத் தரக் கான்கிரீட்டும் வேண்டும். அந்தப் பதிப்புக்கு முன் கட்டிய உங்கள் பீமில் கவர் எவ்வளவு என்று அளந்து பார்த்தீர்களா? அளக்காமல் உணரி வாங்குவது வைத்தியரிடம் நாடி காட்டாமல் மருந்து வாங்குவது போன்றது. மண்டபத்தில் கடலோர வெளிப்பாட்டுச் சோதனைகளை நடத்திவரும் காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் உங்களுக்கு அருகிலேயே இருக்கிறது. இந்த ஆய்வைச் செய்துதர அவர்களையே அணுகலாம்.

பதில் 6
பதிந்தவர்: காரைமின்வேதி

முந்தைய பதிலில் சொன்ன ஆய்வு கட்டாயம் தேவை; அதில் எனக்கு மறுப்பு இல்லை. உணரியே வேண்டாம் என்பதில் மட்டும் மாறுபடுகிறேன். ஒரு நாளில் எடுத்த அளவு அன்றைய ஈரத்தையும் வெப்பத்தையும் சார்ந்தது. நம் பகுதியில் வடகிழக்குப் பருவமழைக்குப் பின் நனைந்திருக்கும் பீமும், கோடையில் உலர்ந்த பீமும் வெவ்வேறு வேகத்தில் துருப்பிடிக்கும்; முழு ஆண்டின் இழப்பைத் தெரிந்துகொள்ளத் தொடர் அளவீட்டை விட்டால் வழியில்லை. அலை அடங்கிய பருவத்தில் மட்டும் அளக்கப் போகிறவர் ஒவ்வோர் ஆண்டும் ஒரே பருவத்தின் எண்ணைத்தான் கொண்டுவருவார்.

இடம் பற்றிக் கேட்டீர்கள். என் பட்டியலில் முதலில் வருவது நீங்கள் ஒட்டுவேலை செய்த இடங்களின் ஓரம். உப்பேறிய கான்கிரீட்டைக் கொத்தி எடுத்துப் புதியதை வைக்கும்போது, ஒட்டுக்குள் இருக்கும் கம்பி பாதுகாப்பு பெறுகிறது. ஆனால் அதுவரை அரிப்பைத் தன்மேல் ஏற்றுக்கொண்டு பக்கத்துக் கம்பியை மறைமுகமாகக் காத்துவந்த இடம் மறைந்துவிடுவதால், ஒட்டின் விளிம்பை அடுத்த பழைய கான்கிரீட்டில் புதிய அரிப்பு தொடங்குகிறது. ஒரே பீமில் இரண்டாம் முறை ஒட்டுவேலை தேவைப்பட்டிருந்தால் இதுவே காரணமாக இருக்கக்கூடும். விளிம்பிலிருந்து பழைய கான்கிரீட்டுக்குள் ஒரு சாண் தொலைவுக்குள் ஒரு மின்முனையும், ஒட்டிலிருந்து நன்கு விலகிய இடத்தில் இன்னொன்றும் வைத்தால், இரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாடே தனி அளவீட்டை விட அதிகம் சொல்லும். அடுத்ததாக, தெறிப்பு அதிகம் படும் கடற்பக்க பீம்களின் அடிமூலைகள். அதன் பிறகு பைல் தொப்பிக்குச் சற்றுக் கீழே, நீர்மட்டத்துக்கு மேலே உள்ள பட்டை. கரைப்பக்கத்தில் விரிசல் இல்லாத ஒரு பீமிலும் ஒரு தொகுதி வையுங்கள், ஒப்பிட வேறு ஆதாரம் இராது.

பதித்த மின்முனை ஆண்டுகள் செல்லச் செல்ல விலகும். ஆண்டுக்கு ஒரு முறை அதே இடத்தில் கையடக்கச் செம்பு மின்முனையைக் கான்கிரீட்டின் மேற்பரப்பில் வைத்து ஒப்பிடும் பணியை ஒப்பந்தத்திலேயே சேர்க்க வேண்டும். மூல அளவீடுகள் அனைத்தும் எங்கள் உடைமை, எளிய கோப்பாகத் தர வேண்டும் என்ற வரியையும் சேர்த்துவிடுங்கள். நிறுவனம் திரையை மூடினாலும் எண்கள் உங்களிடம் இருக்கும்.

பதில் 7
பதிந்தவர்: வளைகுடா_கட்டுநர்

ஒரு சேர்க்கை. ஒட்டுவேலையோடு நிற்காமல் நாளை எதிர்முனைப் பாதுகாப்பு, அதாவது வெளியிலிருந்து மின்சாரம் செலுத்திக் கம்பியைக் காக்கும் முறைக்குப் போகும் எண்ணம் இருந்தால், இன்று பதிக்கும் மின்முனைகளே அதற்கும் உதவும். அந்த முறை சரியாக வேலை செய்கிறதா என்பதை, மின்சாரத்தை நிறுத்திய 24 மணி நேரத்துக்குள் கம்பியின் மின்னழுத்தம் குறைந்தது 100 மில்லிவோல்ட் திரும்புகிறதா என்று பார்த்துத் தீர்மானிக்கிறார்கள். இந்தச் சோதனையைத் தொலைவிலிருந்தே நிகழ்த்திப் பதிவுசெய்ய முடிவதில்தான், என் அனுபவத்தில், தொலைநிலை அமைப்பு போட்ட பணத்தைத் திருப்பித் தருகிறது. ஆகவே நிறுவனம் தரும் பெட்டியில் மின்சாரத்தை நிறுத்தித் தொடங்கும் வசதியைப் பின்னால் சேர்க்க இடம் இருக்கிறதா என்று இப்போதே கேட்டுவிடுங்கள். ஒரு நிபந்தனை உண்டு: இந்த மின்சாரம் பிரிஸ்ட்ரெஸ்டு பலகைகளின் கம்பியைத் தொட்டு, அளவுக்கு மீறினால், அங்கே ஹைட்ரஜன் உருவாகிக் கம்பியை நொறுங்கத்தக்கதாக்கும். பீம் கம்பிக்கும் பலகைக் கம்பிக்கும் இடையே மின்தொடர்ச்சி உண்டா என்ற சோதனையைப் பட்டியலின் முதல் வரியில் வையுங்கள்.